தூதுவரை மறித்த காவல்

நோயைப் பற்றி எழுதுதல் மருத்துவர்க்கு உரிய பணி. தமிழ் பயிற்றுவோர்க்கு அதில் என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டும் மாணவர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் தவறன்று. எனினும் வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென ஓர் அதிகாரமும், தூதுக்கென ஓர் அதிகாரமும், உட்பகைக்கென ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். இம்மூன்றையும் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வந்த நாம், இம்மூன்றும் ஒரே மனித உடம்புக்குள் ஒருங்கே கூடி நிற்க இயலும் என்பதை நாற்பது வயதைக் கடந்த பின்னரே, அதுவும் எம் தந்தையாரை இழந்த பின்னரே அறிந்துகொண்டோம். அவ்வாறு அறிந்ததைச் சொல்வதற்கும், சொல்லத்தகாத ஒன்றை முன்னொரு நாள் சொன்னதற்காக வருந்துவதற்குமே இக்கட்டுரை.

சுரங்கமும் சங்கொலியும்

நாம் பிறந்து வளர்ந்தது நெய்வேலி நகரியம். 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பண்டித நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்கள். தோண்டத் தோண்ட மண்ணே வந்துகொண்டிருந்தது. 1961இல்தான் பழுப்பு நிலக்கரி வெளிச்சம் கண்டது. முந்திரியும் பலாவும் விளைந்த செம்மண் பூமியில் வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள் எழுந்தன. பல ஊரினரும் பல சமயத்தினரும் வந்து, ஒரே அளவான வீடுகளில், ஒரே நிழல்மரச் சாலைகளில் ஒன்றாக வாழத் தலைப்பட்டனர். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து எம் அத்தா அவர்களும் 1971இல் சுரங்கப் பணிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அத்தா பார்த்தது மின்பணி. மேல்மண்ணையும் நிலக்கரியையும் சுமந்து செல்லும் நீண்ட கன்வேயர் பட்டைகளின் மின்னிணைப்புகளைப் பேணுதல் அவர்கள் கடமை. இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பும்போது காக்கிச் சட்டையில் படிந்திருக்கும் மண்ணின் மணம் இன்றும் எம் நினைவில் நிற்கிறது. நாம் சிறுமியாயிருந்தபோது, “சுரங்கத்தில் உங்களுக்கு அச்சமாக இருக்காதா அத்தா?” என்று கேட்போம். அதற்கு அவர்கள் சொல்லும் விடை இரண்டு.

ஒன்று: “பூமிக்கு அடியில் தண்ணீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைக்கிறவர்கள் தூங்காதவரை நமக்கு அச்சமில்லை.” நெய்வேலியின் நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பேரழுத்தத்துடன் நிலத்தடி நீர் இருப்பதும், அதனை ஓயாது வெளியேற்றாவிடில் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும் என்பதும் அவ்வூர்ச் சிறுவர்க்கும் தெரிந்த செய்தி.

மற்றொன்று: “பட்டை ஓடத் தொடங்குமுன் சங்கு ஊதும். சங்கொலி கேட்டதும் பட்டைக்கு அருகில் நிற்பவர்கள் விலகிவிடுவார்கள். சங்கு ஊதினால் போதும். பாக்கியை அவரவர் பார்த்துக்கொள்வார்கள். சங்குக்குப் போகிற கம்பி அறுந்திருந்தால்தான் ஆபத்து. அதனால் முதலில் அந்தக் கம்பியைத்தான் பார்ப்பேன்.”

இவ்விரண்டாம் விடையின் முழுப்பொருள் எமக்கு விளங்குவதற்கு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

ஒரே கூரையின் கீழ்

பணி ஓய்வு பெற்றபின் அத்தாவும் அம்மாவும் எம் அண்ணனுடன் தங்கினர். அண்ணனும் அதே நிறுவனத்தில் பணியாற்றியமையால் நகரியத்து வீட்டில் குடும்பம் தொடர்ந்து வாழ்ந்தது. நாம் திருமணமாகி வெளியூரில் விரிவுரையாளராக இருந்தோம். தம்பி சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணியாற்றினான்.

2021ஆம் ஆண்டின் ரமலான் மாதம் ஏப்ரல் நடுவில் தொடங்கியது. கொரோனாவின் இரண்டாம் அலை நாடெங்கும் உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. மே 10ஆம் நாள் முதல் ஊரடங்கு என்று அறிவிப்பு வந்ததும், பெருநாளைத் தனியே சென்னை அறையில் கழிக்க மனமின்றித் தம்பி முந்திய நாளே பேருந்தேறி நெய்வேலி வந்துவிட்டான். வந்த இரண்டாம் நாள் அவனுக்குச் சுரம் கண்டது. அவனைத் தனியறையில் வைத்தனர். எனினும் சிறு வீட்டில் தனியறை என்பது பெயரளவிற்கே.

மே 14ஆம் நாள் பெருநாள். மறுநாள் தொடங்கி வீட்டிலிருந்த அனைவர்க்கும் ஒருவர் பின் ஒருவராக நோய் வந்தது. பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகியதோடு சரி. அண்ணனுக்கு நான்கு நாள் சுரம். எம் அம்மா அறுபத்தெட்டு வயதினர். இருபதாண்டுக் காலச் சர்க்கரை நோயாளி. மூட்டுவலியால் நடப்பதற்கே துணை வேண்டியவர். அம்மாவைத்தான் அனைவரும் அஞ்சினோம். அவர்களுக்கு இரண்டு நாள் சுரமும் ஒரு வாரச் சோர்வும் வந்து நீங்கின.

அத்தாவுக்கு எழுபத்துமூன்று வயது. நாள்தோறும் விடியற்காலைத் தொழுகைக்குப் பின் நகரியச் சாலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர்கள். சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. அந்த மாதம் முழுவதும் நோன்பு நோற்றவர்கள். தடுப்பூசியை மட்டும், “பெருநாள் கழியட்டும்” என்று ஒத்திப்போட்டிருந்தார்கள். முதல் ஐந்தாறு நாள் அவர்களுக்கு இலேசான இருமலே இருந்தது. வீட்டிலேயே நன்றாக இருப்பவர் அவர்தாம் என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னார். ஏழாம் நாள் இரவு மூச்சு வாங்கத் தொடங்கியது. மருத்துவமனையில் ஒரு வாரம் போராடினார்கள். மே மாத இறுதியில் இறைவன் அழைத்துக்கொண்டான். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிவூன்.

மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பதிவு வேண்டியிருந்த நாள்கள் அவை. நாம் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வீட்டு வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். அவன் கண்களைப் பார்த்து நாம் ஒரு சொல் சொன்னோம்.

“நீ மட்டும் வராமல் இருந்திருந்தால்...”

வாக்கியத்தை நாம் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை. அதன்பின் இரண்டு பெருநாள்களுக்குத் தம்பி நெய்வேலிக்கு வரவில்லை. பணி மிகுதி என்றான். விடுமுறை இல்லை என்றான். காரணம் எமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அம்மா மட்டும் பெருநாள் காலையில் அவன் பங்குக்கு ஒரு கிண்ணம் சேமியாப் பாயசத்தை எடுத்து மூடி வைப்பார்கள்.

விடைத்தாள் முகாமில் கிடைத்த விடை

ஒரு வினா எம் உள்ளத்தை விட்டு நீங்கவே இல்லை. ஒரே வீடு, ஒரே உணவு, ஒரே நோய்க்கிருமி. மெலிந்தவர் பிழைத்தார், வலியவர் வீழ்ந்தார். இது எங்ஙனம்? விதி என்று அமைதல் எம் நம்பிக்கைக்கு இயைந்ததே. ஆயினும் விதி எவ்வழியாக வந்தது என்று அறிய விழைவதும் அறிவுடைமைக்கு மாறானதன்று.

2023ஆம் ஆண்டு விடைத்தாள் திருத்தும் முகாமில் எமக்குப் பக்கத்து இருக்கையில் விலங்கியல் துறைப் பேராசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார். தேநீர் இடைவேளையில் இவ்வினாவை அவரிடம் கேட்டோம். அவர் உடனே விடை கூறவில்லை. மறுநாள் சில கட்டுரைகளின் படிகளைக் கொண்டு வந்து, ஒரு வார காலம், தேநீர் வேளைதோறும் எமக்குப் பாடம் நடத்தினார். அவர் கற்பித்ததை எமக்கு விளங்கிய மொழியில் ஈண்டுத் தருகிறோம்.

நெய்வேலியில் சுரங்கப் பணி தொடங்கிய அதே 1957ஆம் ஆண்டில், இலண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மன் என்னும் இரு அறிஞர்கள் ஒரு பொருளைக் கண்டறிந்தனர். வைரசால் தாக்கப்பட்ட உயிரணுக்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அப்புரதம் பட்ட ஏனைய உயிரணுக்களில் வைரசு பெருக இயலுவதில்லை. குறுக்கிடுவது என்னும் பொருள்படும்படி அதற்கு இன்டர்ஃபெரான் என்று அவர்கள் பெயரிட்டனர்.

இதன் செயல் வியப்புக்குரியது. இன்டர்ஃபெரான் தானே வைரசைக் கொல்வதில்லை. அது செய்தி மட்டுமே. கிருமி நுழைந்த உயிரணு, “நான் பிடிபட்டேன், நீங்கள் கதவடைத்துக்கொள்ளுங்கள்” என்று அண்டை அயலுக்கு விடுக்கும் தூது அது. செய்தி பெற்ற உயிரணுக்கள் தத்தம் உள்ளே நூற்றுக்கணக்கான தற்காப்பு மரபணுக்களை எழுப்பிவிடுகின்றன. வைரசு தன்னைப் படியெடுத்துக்கொள்ள இயலாதவாறு தம் உற்பத்திச் சாலைகளை அடக்கிக்கொள்கின்றன. நோயெதிர்ப்பு என்பது பெரும்பாலும் இத்தகைய செய்திகளின் போக்குவரத்தே. சைட்டோகைன்கள் என்று பொதுப்பெயர் பெற்ற இத்தூதுப் புரதங்கள் பலவகை. இன்டர்ஃபெரானிலேயே ஆல்பா, பீட்டா, ஒமேகா, காமா எனப் பல உள்ளன.

அவர் இதனைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தாவின் சங்கு எம் செவியில் ஒலித்தது. சங்கு ஊதினால் போதும். பாக்கியை அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

தூதுவரைச் சிறைப்பிடித்தல்

உடம்பின் காவற்படையில் மற்றொரு பிரிவு எதிர்ப்பொருள்கள். அயலிலிருந்து வந்த கிருமியைப் பற்றிப் பிடித்துச் செயலிழக்கச் செய்வது அவற்றின் தொழில். தடுப்பூசி பயன் தருவதும் பெரிதும் இவற்றாலேயே. இவை தன்னவர் யார், அயலவர் யார் என்று பகுத்தறிய வேண்டும். உடம்பு தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்வதற்கு அஞ்சும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் கருதினார். அவ்வச்சம் எப்போதும் வெல்வதில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மூட்டுகளைத் தாக்கும் வாதம், தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய் முதலியவை தன்னவரையே அயலவராகக் கருதியதன் விளைவுகள். இவற்றைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்பர்.

இதுவரை நாமும் ஓரளவு அறிந்ததே. அறியாதது இனி வருவது. எதிர்ப்பொருள்கள் சிலவேளை மூட்டையோ சுரப்பியையோ தாக்காமல், நோயெதிர்ப்பின் தூதுவர்களையே தாக்குகின்றன. இன்டர்ஃபெரான் புறப்படுகிறது, வழியிலேயே எதிர்ப்பொருள் அதனைப் பற்றிக்கொள்கிறது, செய்தி அண்டை வீட்டுக் கதவை எட்டுவதில்லை. இதனால் உடம்பில் வலியோ வீக்கமோ தோன்றுவதில்லை. அம்மனிதர் நலமாகவே நடமாடுகிறார். ஒரு குறிப்பிட்ட கிருமி உள்ளே நுழையும் நாள்வரை அவர் உடம்பில் சங்குக்குச் செல்லும் கம்பி அறுந்திருப்பது எவர்க்கும் தெரிவதில்லை.

இலங்கையில் அனுமனைக் கொல்லத் துணிந்த இராவணனை, தூதுவரைக் கொல்லுதல் அரசமுறை அன்று என்று வீடணன் தடுத்ததைக் கம்பராமாயண வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அங்கே கொல்லப்பட இருந்தவன் பகைவனின் தூதுவன். இங்கேயோ காவலர் சிறைப்பிடிப்பது தம் அரசனின் தூதுவரையே. இதனினும் பெரிய உட்பகை யாதாக இருக்க முடியும்?

இது வெறுங்கற்பனை அன்று. 1981இலேயே, அக்கி நோய் உடலெங்கும் பரவிய எழுபத்தேழு வயது மூதாட்டி ஒருவரின் குருதியில் ஆல்பா இன்டர்ஃபெரானுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். நாற்பதாண்டுக் காலம் அது ஓர் அரிய செய்தியாகவே கிடந்தது. கொரோனா வந்த பின்னரே அதன் அருமை உணரப்பட்டது.

ழான்-லோரான் கசனோவா என்பவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திலும் பாரிசிலும் ஆய்வு நடத்துபவர். அவரும் பால் பாஸ்டார்டு முதலிய ஆய்வாளரும் பல நாட்டவர் துணையுடன் 2020ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். கொரோனாவால் உயிருக்கு ஊறு நேரும் நிலையை அடைந்த 987 நோயாளிகளின் குருதியை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 101 பேரிடம் இன்டர்ஃபெரானைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அந்நோய் இலேசாகவோ அறிகுறியின்றியோ வந்துபோன 663 பேரிடம் தேடியபோது, ஒருவரிடமும் இல்லை. அந்த 101 பேருள் 95 பேர் ஆடவர்.

இவை நோய் வந்தபின் உண்டானவையோ என்று ஐயுறலாம். சிலரிடம் நோய்க்கு முன் எடுத்து வைக்கப்பட்டிருந்த குருதியிலேயே இவ்வெதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. எனவே இவை நோயின் விளைவு அல்ல. நோய் கடுமையாதற்கான காரணம் என்று ஆய்வாளர் முடிவு செய்தனர்.

2021இல் வந்த தொடராய்வு இன்னும் விரிவானது. முப்பத்துநாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்களின் குருதி சோதிக்கப்பட்டது. எழுபது வயதுக்கு உட்பட்டோரில் நூற்றுக்கு ஒருவர் அளவிலிருந்த இவ்வெதிர்ப்பொருள்கள், எழுபதைத் தாண்டியோரிடம் நூற்றுக்கு இருவர்க்கு மேலாகவும், எண்பதைத் தாண்டியோரிடம் நூற்றுக்கு ஆறு பேர் அளவிலும் உயர்ந்திருந்தன. கொரோனாவால் இறந்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் இவை இருந்தன.

முதுமைக்கும் இதற்கும் தொடர்பு யாது? நெஞ்செலும்புக்குப் பின்னே தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. அதனைப் பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம். தன்னவரைத் தாக்கும் இயல்புடைய வெள்ளணுக்கள் அங்கே தேர்வில் கழிக்கப்படுகின்றன. அத்தேர்வை நடத்தும் ஏர் என்னும் மரபணு பிறவியிலேயே பழுதுபட்டவர்களில் மிகப்பெரும்பாலோர்க்கு இன்டர்ஃபெரானை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் தோன்றிவிடுகின்றன. நம் அனைவர்க்கும் அகவை ஏற ஏறத் தைமஸ் சுருங்கிக் கொழுப்பாக மாறிவருகிறது. முதியோரிடம் இவ்வெதிர்ப்பொருள்கள் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது அறிஞர் கருத்து. பள்ளிக்கூடம் மூடப்பட்டபின் தேர்வு எங்கே நடக்கும்?

பேராசிரியை இதனை விளக்கியபோது நாம் ஒன்றைக் கேட்டோம்: “முதல் ஆறு நாள் எம் அத்தா நன்றாகவே இருந்தார்களே, அது எப்படி?” அவர் சற்று அமைதியாக இருந்துவிட்டுச் சொன்னார்: “சுரம், உடல்வலி எல்லாம் பெரும்பாலும் இந்தத் தூதுச் செய்திகளால் வருவதுதான் அம்மா. செய்தியே போகவில்லை என்றால் ஆரவாரமும் இருக்காது. கிருமி சத்தமில்லாமல் பெருகிவிடும். பிறகு நுரையீரல் முழுக்க அழற்சி பற்றிக்கொள்ளும்போதுதான் வெளியே தெரியும். உங்கள் அத்தாவுக்கு அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்கலாம்.”

கிருமிக்கேற்ற தூது

இந்நிகழ்வு கொரோனாவோடு முடிவதன்று. தாய்லாந்திலும் தைவானிலும், எய்ட்சு நோய் இல்லாத நடுவயதினர் சிலர், காசநோய்க் கிருமியின் உறவினங்களாலும் சில பூஞ்சைகளாலும் உடலெங்கும் தாக்கப்பட்டு வந்தனர். 2012இல் வெளிவந்த ஆய்வொன்று, அத்தகைய நோயாளிகளுள் 88 விழுக்காட்டினரிடம் காமா இன்டர்ஃபெரானுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்ததைக் காட்டியது. இன்டர்லூக்கின் 17 என்னும் தூதுவர் மறிக்கப்பட்டால் வாயிலும் தோலிலும் வெண்பூஞ்சை நீங்காது தங்கும். ஆக, எந்தத் தூதுவர் மறிக்கப்படுகிறாரோ அதற்கேற்ற கிருமிக்கு மட்டுமே கதவு திறக்கிறது. ஏனைய கதவுகள் யாவும் அடைத்தபடியே இருக்கும். இந்நோயர் பிறவகையில் திடகாத்திரமாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

காசநோய் மிக்க நம் நாட்டில், கழுத்துக்கட்டியும் நெடுநாள் சுரமும் கண்டால் காசநோய் என்றே முதலில் கருதுவர், அது முறையே. முறையான மருந்தை முழுமையாக உண்டும் நோய் தீராதபோது, கிருமி வேறாக இருக்கலாம், தூதுவர் மறிக்கப்பட்டிருக்கலாம் என்று எண்ணிப்பார்ப்பது மருத்துவர்க்கு உதவும். எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்களைக் குறைக்கும் மருந்துகளும் இன்று சிலர்க்குப் பயன் தருகின்றன.

ஈண்டு நம் மக்களிடையே நிலவும் ஒரு பிழையையும் சுட்ட வேண்டும். அப்பெருந்தொற்றுக் காலத்தில் ‘எதிர்ப்புச் சக்தி’ என்ற சொல் வீடுதோறும் ஒலித்தது. கபசுரக் குடிநீரும் இஞ்சியும் மிளகும் மஞ்சளும் அச்சொல்லின் பேரால் பருகப்பட்டன. நாமும் பருகினோம். ஆனால் எதிர்ப்புச் சக்தி என்பது குடத்து நீர்போல் கூடுதல் குறைவு மட்டுமே உடையது என்று எண்ணியதுதான் பிழை. மிகுந்திருந்தும் திசை தவறினால் அதுவே தீங்காகும். நோயுற்றவர் உடம்பைப் பேணாதவர், நோயுறாதவர் உடம்பைப் பேணியவர் என்னும் தீர்ப்பும் அப்பிழையின் பிள்ளையே. ஐந்து கிலோமீட்டர் நடந்தவர்க்கு எவர் என்ன குறை சொல்ல இயலும்?

அறிந்ததும் அறியாததும்

ஓர் உண்மையை மறைத்தலாகாது. எம் அத்தாவின் குருதி இவ்வகையில் சோதிக்கப்படவில்லை. இனிச் சோதிக்கவும் வழியில்லை. இறந்தவர்களுள் ஐந்தில் ஒருவரிடம் இவ்வெதிர்ப்பொருள் இருந்தது என்றால், ஐந்தில் நால்வரிடம் இல்லை என்பதும் அதனுள் அடங்கும். அத்தா அந்த ஒருவரா, நால்வருள் ஒருவரா என்பதை இறைவனே அறிவான். எமக்கு ஆறுதலாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை உண்மை என்று எழுதிவிடுதல், எழுத்தைத் தொழிலாகக் கொண்டோர்க்கு அழகன்று.

அவ்வாறாயின் இவ்வறிவால் எமக்குக் கிட்டியது என்ன? ஒன்று உண்டு. தம்பியின் முகத்தைப் பார்த்து அன்று நாம் சொன்ன சொல், எல்லாம் அறிந்தவர் மட்டுமே சொல்லத்தக்க சொல். கிருமி வந்த வழி ஒன்றை மட்டும் அறிந்துகொண்டு, உயிர் போன காரணம் முழுவதையும் அறிந்தவர்போல் நாம் பேசினோம். அவன் கொண்டு வந்த அதே கிருமிதான் அம்மாவுக்கும் வந்தது, பிள்ளைகளுக்கும் வந்தது. அது அத்தாவிடம் மட்டும் எமனாயிற்றென்றால், அதற்குரிய காரணத்தில் ஒரு பகுதியேனும் அத்தாவின் உடம்புக்குள், எவர் கண்ணுக்கும் தெரியாத ஓரிடத்தில் இருந்திருக்க வேண்டும். அது இன்னதென்று தெரியாதபோது வாளாவிருத்தலே எம் கடனாக இருந்தது.

அவ்வாண்டு விடுமுறையில் நாம் சென்னைக்குச் சென்றோம். தம்பியின் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, பேராசிரியை எமக்குச் சொன்னவற்றையெல்லாம் அவனுக்குச் சொன்னோம். சங்கின் கதையை நாம் தொடங்கியதும், “கம்பியைத்தான் முதலில் பார்ப்பேன் என்பார்களே” என்று அவனே முடித்தான். பின்பு நெடுநேரம் பேசவில்லை.

“நான் வந்தது உண்மைதானே அக்கா?” என்றான் இறுதியில்.

“உண்மைதான். நீ வந்தாய்; நோய் வந்தது. அதை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் நீ அத்தாவைக் கொன்றாய் என்பதுபோல் நான் பேசினேனே, அதற்கு எனக்கு உரிமையும் இல்லை, அறிவும் இல்லை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் வந்தேன்.”

அவன் எழுந்து உள்ளே சென்று முகம் கழுவி வந்தான். “அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?” என்று கேட்டான்.

2024ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த நோன்புப் பெருநாளுக்குத் தம்பி, மனைவி மக்களுடன் நெய்வேலி வந்தான். தொழுகை முடிந்து அண்ணனும் அவனும் அடக்கத்தலத்திற்குச் சென்று அத்தாவுக்காகத் துஆ செய்து திரும்பினார்கள். அம்மா அவ்வாண்டு பாயசத்தை மூடி வைக்கவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டில் எழுபதைத் தொடும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் நடை தளராதிருக்கலாம், சர்க்கரை இல்லாதிருக்கலாம். அதுகொண்டு அவர்களுக்கு ஆபத்தில்லை என்று இருந்துவிடாதீர்கள். தடுப்பூசியைப் பெருநாள் கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று ஒத்திப்போட விடாதீர்கள். தூதுவர் மறிக்கப்பட்ட உடம்புக்கும், முன்கூட்டியே பயிற்சி பெற்ற காவலர் சிலர் இருப்பது பெருந்துணை. நீங்கள் இருமலோடும் சுரத்தோடும் இருக்கும் நாளில் அவர்கள் அருகே செல்லாதீர்கள். சென்றே தீர வேண்டுமாயின் முகக்கவசம் அணிந்து செல்லுங்கள்.

இவ்வளவும் செய்த பின்னரும் நேரக்கூடாதது நேர்ந்துவிடுமாயின், வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்லுமுன் சற்றே நில்லுங்கள். எம்மைப் போல் இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னைக்குப் பயணம் செய்ய வேண்டிய நிலை உங்களுக்கு வாராதிருப்பதாக.